உமி மலையில் ஒரு பனிச்சறுக்குக் கழகம்

உமி மலையின் உச்சியில் காதர் மைதீன் நின்றுகொண்டிருந்தார். காலை ஒன்பது மணி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் அவர் நீல நிறக் குளிர்ச்சட்டை போட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மீசையில் சொட்டியது.

சரிவில் அங்கங்கே என் மாணவர்கள் பன்னிரண்டு பேர் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவருடைய மகள் ஜமீலா. ஜப்பானில் பனிச்சறுக்கு வாத்தியாராக இருக்கும் தன் அத்தா இப்போது சறுக்கிக் காட்டப் போகிறார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவருக்குச் சறுக்கத் தெரியாது என்பது அந்த இடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி நான்.

அச்சில் வந்துவிட்டதே!

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒழுகும் மாடியைப் பற்றி எழுதியிருந்தேன். "அந்தப் பள்ளியில் விளையாட்டெல்லாம் உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்டம்மா. மைதானம்தான் கிடையாது.

ரங்கூனில் லத்தா பக்கம் ஒரு குறுகலான நான்கு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் உலர்ந்த இறால் மொத்த வியாபாரம், மூன்றாவது மாடியில் நான் நடத்தும் புவியியல். எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் சட்டையிலேயே இறால் வாசனை வரும். புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தெருவுக்குத் தெரு தனியார் பள்ளிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

எங்கள் முதலாளி ஊ தெய்ன் நல்ல மனிதர். ஆனால் பக்கத்துத் தெருப் பள்ளியைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டவர். வெளிநாட்டில் இருந்த மைத்துனர் அனுப்பிய ஏதோ ஒரு பள்ளியின் விளம்பரப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "சயாமா, இதிலே இருக்கிற கழகமெல்லாம் நம்ம பள்ளியிலேயும் இருக்குன்னு அடிச்சுக் குடுங்க" என்றார். சயாமா என்றால் டீச்சர்.

நான் அடித்துக் கொடுத்தேன். சதுரங்கக் கழகம், தோட்டக் கழகம், சங்கீதக் கழகம். நான்காவதாகப் பனிச்சறுக்குக் கழகம், ஒற்றைப் பலகையில் சறுக்குவது உள்பட.

"படித்த பெண்தானே, யோசிக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். என் பாட்டனார் மிஷன் பள்ளியில் படித்துவிட்டுக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. "வந்த தாள்ல இருக்கிறத அப்படியே அடி, உன் மூளையச் சேர்க்காதே" என்றுதான் பத்து வயதில் அப்பா எனக்குத் தட்டச்சு சொல்லிக் கொடுத்தார். ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் அடித்தேன். குமாஸ்தா வீட்டுப் பெண் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

எனக்குப் பனி என்றால் ஐஸ்பெட்டியின் சுவரில் படிவது. மின்சாரம் இருக்கிற நாள்களில்தான் அதுவும்.

போட்டோவில் ஒரு நீலச் சட்டை

விளம்பரத் தாள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஜமீலா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். எட்டாம் வகுப்பு. மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய வீடு. அம்மா கொசுவலை தைப்பார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, இரண்டு சடை போட்டுக்கொண்டு வரும் அமைதியான பெண். அவள் வகுப்பில் வாயைத் திறந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"சயாமா, பனிச்சறுக்கு கழகத்துல முத பேரு என் பேரு போடுங்க."

"ஜமீலா, அது வந்து…"

"எங்க அத்தா அதுக்கு வாத்தியாரு. ஜப்பான்ல." புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். நீலக் குளிர்ச்சட்டை போட்ட ஒரு மனிதர், இரண்டு பக்கமும் சறுக்குக் கட்டைகளைச் சாய்த்துப் பிடித்தபடி. பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. "நான் ஒரு வயசுல இருக்கும்போது போனாங்க. திரும்பி வர்றதுக்குள்ள நான் கத்துக்கணும், நோ?"

அந்த 'நோ' பர்மிய வாய்ப்பேச்சின் வால். இங்கே வளர்ந்த பிள்ளைகளின் தமிழில் எல்லா வாக்கியத்திலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். சரிதானே என்று அர்த்தம். அவள் கேட்ட விதத்தில் எனக்குச் சரியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஊ தெய்னிடம் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த வரியைக் கருப்பு மையாலே அடிச்சிடுங்க, சயாமா. நம்ம ஊரிலே எங்கே பனி?"

"முந்நூறு வீட்டுக்குப் போயிடுச்சு, ஐயா. அச்சில் வந்துவிட்டதே!"

இதைச் சொன்னது நானல்ல, எனக்குள் இருந்த மூன்று தலைமுறை குமாஸ்தாக்கள். அச்சில் ஏறியது இல்லாமல் போகலாமா? அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கருப்பு மை பாட்டிலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

ராணுவ ஆட்சி; ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே எதற்கு என்று கேட்கிற காலம் வேறு. அனுமதி கேட்டு ஊ தெய்ன் பேட்டை அலுவலகத்துக்குக் கொடுத்த தாளில் கழகம் என்ற பேச்சையே எடுக்காமல், 'நெல் அரைக்கும் முறையை நேரில் காணும் பாடச் சுற்றுலா' என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாங்கள் போனது அரிசி ஆலைக்குத்தான்.

வெள்ளை இல்லாவிட்டால் மஞ்சள்

ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் தோ மியா என்ற அம்மாள் அரிசி ஆலை நடத்தி வந்தார். என்னோடு படித்த தோழியின் அக்கா. ஆலைக்குப் பின்னால், அறுவடை முடிந்த மார்கழி மாதத்தில், உமி மூன்று ஆள் உயரத்துக்கு மலையாகக் குவிந்து கிடக்கும். ஒருமுறை அரிசி வாங்கப் போனபோது ஆலைக்காரர்கள் சாக்கின்மேல் உட்கார்ந்து அதில் சறுக்கி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகம்தான் எங்களைக் காப்பாற்றியது.

தோ மியா வெற்றிலையை மென்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வடக்குப் பக்கம் போகாதீங்க, உள்ளே கனல் இருக்கு, புகையும். தெற்குப் பக்கம் புது உமி. எலும்பை முறிச்சுக்கிட்டா என்னைக் கேட்காதீங்க" என்றார். பிறகு, "நானும் பார்க்கலாமா?" என்று கேட்டார். அப்படி அவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்.

சறுக்குக் கட்டைகளை, ரயில் பாதை ஓரமாகக் கூடை முடைகிறவர் மூங்கில் பிளாச்சில் செய்து கொடுத்தார். முனையை நெருப்பில் வாட்டி மேல்நோக்கி வளைத்திருந்தார். ஒற்றைப் பலகைக்கு ஒரு பழைய வகுப்பு பெஞ்சைப் பிரித்தோம். அடியில் தேய்க்க மெழுகு வேண்டும். எங்கள் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திக் கட்டைகளைப் பை நிறைய வாங்கி வந்தேன். கேட்டபோது கோயில் பிள்ளை, "எதுக்கு?" என்றார். "பிள்ளைங்க விழாம இருக்க" என்றேன். பக்தியோடு கொடுத்தார்.

கால்களைக் கட்டையோடு கட்டுவதற்கு ஜமீலாவின் சித்தப்பா கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூப். அங்கேதான் எங்களுக்கு வம்பு பிடித்தது.

கட்டையைக் காலோடு கட்டுவது தனியாகச் செய்கிற வேலையல்ல. குனிந்தால் கட்டை வழுக்கும், பிடித்தால் முடிச்சு தளரும். யாராவது கீழே உட்கார்ந்து கட்டிவிட வேண்டும். ஆனால் யார் கட்டுவது? நான் குனிந்தால் போதும், பிள்ளைகள் நெருப்பை மிதித்ததுபோலக் காலை இழுத்துக்கொள்வார்கள். "கடோ, சயாமா, கடோ!"

கடோ என்றால் மன்னியுங்கள். இந்த ஊரில் தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டாலும், பெரியவர் முன்னால் காலை நீட்ட நேர்ந்தாலும் அந்தச் சொல் தானாக வந்துவிடும். பௌத்தர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று வித்தியாசமே கிடையாது. பெரியவர் குனிந்து சின்னவர் காலைத் தொடுவது என்பது நினைத்துப் பார்க்கவே கூடாதது. பெரிய வகுப்புப் பெண் சின்ன வகுப்புப் பெண்ணுக்குக் கட்டிவிடப் போனால்கூட அதே கடோதான். ஆகவே ஒவ்வொருத்தரும் தனக்குத்தானே கட்டிக்கொண்டார்கள், அரைகுறையாக.

விளைவு? பாதிச் சரிவில் பிள்ளை உட்கார்ந்துவிடும். கட்டை மட்டும் தனியாகக் கீழே போய்த் தோ மியாவின் காலடியில் நிற்கும். உமிச் சுணை பட்டு எல்லாருக்கும் அரிப்பு. ஆறு வாரமாக ஒருவர்கூட உச்சியிலிருந்து அடிவரை இரண்டு கட்டைகளோடு போய்ச் சேரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை ஒரு பிள்ளை வராமல் இருந்ததில்லை. அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் பாசமும் ஒன்றாகத்தான் வருகின்றன.

"எங்க அத்தா வந்தா சரியாயிடும்" என்று ஜமீலா சொல்லிக்கொண்டே இருந்தாள். வகுப்பில் பேசாத பெண் உமி மலையில் தலைவியாகிவிட்டாள்.

லைன் காரில் ஒரு பாவசங்கீர்த்தனம்

அத்தா வந்தேவிட்டார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, எப்படியோ காகிதங்கள் சரியாகி, ஒரு மாத விடுப்பில். எந்த வழியில் போனார், என்ன காகிதத்தில் இருந்தார் என்று நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் யாரும் யாரையும் அதைக் கேட்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு மாவ்பிக்குக் கிளம்பினோம். பின்னால் இரண்டு பலகை இருக்கை போட்ட பிக்கப் வண்டி. லைன் கார் என்போம். பிள்ளைகள் பின்னால், நானும் அவரும் முன்னால் டிரைவர் பக்கத்தில். எப்போதும் போல நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் மடியில் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையைத் தடவிக்கொண்டே வந்தார். போட்டோவில் வருவதுபோலப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி மகள் உத்தரவாம்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றார். "புள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்லுங்க, பாய்."

"நான் ஒரு நாளும் சறுக்குனதில்ல."

நான் டிரைவரைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. "அப்ப இத்தனை வருஷமா அங்க என்னதான் பண்ணீங்க?"

"பூட்ஸு மாட்டி விடுறேன். சறுக்க வர்றவங்க வரிசையா உக்காருவாங்க. நான் தரையில உக்காந்து மாட்டி, பட்டைய இறுக்கி, கட்டையில பொருத்தி அனுப்புவேன். சாயங்காலம் கழட்டி, ஈரம் தொடச்சு, அடுப்புப் பக்கம் காய வைப்பேன். மலை மேல ஏறினதே கிடையாது. அந்தப் போட்டோ வாசல்ல எடுத்தது."

"வாத்தியார்னு…"

"நான் எழுதல, டீச்சரம்மா. பனிச்சறுக்கு பள்ளிக்கூடத்துல வேலைன்னுதான் எழுதுனேன். வீட்டுல வாத்தியார்னு வச்சிக்கிட்டாங்க. புள்ள போன்ல 'எங்க அத்தா வாத்தியாரு'ன்னு எவ்வளவு சந்தோசமாச் சொல்லுச்சு தெரியுமா? இல்லம்மான்னு சொல்லத் தைரியம் வரல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இத இப்ப நட்டநடு ரோட்டுல வச்சா சொல்றது? நேத்தே சொல்லியிருந்தா காய்ச்சல்னு ஏதாவது சொல்லி நிறுத்தியிருப்பேன்ல!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சீறினேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் என் கோபம் பாதியாகிவிட்டது. பெரிய கைகள். வெடித்து வெடித்து ஆறிய விரல் நுனிகள். பின்னால் ஜமீலா எல்லாருக்கும் மேலே குரலெடுத்துப் பாடிக்கொண்டு வந்தாள்.

"முழங்கால் வலின்னு சொல்லிடுங்க" என்றேன் கடைசியில். "மிச்சத்த நான் பாத்துக்கிறேன்." பொய்க்கு யோசனை சொன்ன பாவம் என் கணக்கில்தான் இருக்கிறது.

நீட்டிய கால்

ஆனால் ஆலைக்கு வந்து இறங்கியதும் பிள்ளைகள் அவரை விட்டால்தானே! முழங்கால் என்று நாங்கள் வாயெடுப்பதற்குள் பன்னிரண்டு பேரும் அவரைத் தள்ளாத குறையாக உச்சிக்கு ஏற்றிவிட்டார்கள்.

நான் கீழிருந்து கத்தினேன். "பாய், முழங்கால் வலின்னீங்களே!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அப்போது அவருக்குப் பக்கத்தில் ஏழாம் வகுப்பு மா ஏ என்கிற பெண் குனிந்து தன் காலில் டியூப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள், வழக்கம்போலத் தாறுமாறாக. அவர் கண் அங்கே போயிற்று. பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டென்று உமியில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் பாதத்தை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

மா ஏ அலறிவிட்டாள். "கடோ! கடோ!" காலை உருவிக்கொண்டு பின்னால் விழுந்தாள். பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். தோ மியா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

காதர் மைதீன் உட்கார்ந்தபடியே, எல்லாருக்கும் புரியும்படி பர்மிய மொழியில் பேசினார். "பயப்படாதீங்க, பிள்ளைகளா. இதுதான் என் வேலை. நான் வாத்தியார் இல்லே. எனக்குச் சறுக்கத் தெரியாது. சறுக்குறவங்க காலிலே பூட்ஸ் மாட்டி விடுற ஆள் நான்."

ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டு, அதுவே பயந்து வாயைப் பொத்திக்கொண்டது.

ஜமீலாவின் முகம் கன்றிப்போயிற்று. சரிவில் இறங்கினாள். என்னைத் தாண்டி நடந்துபோய் ஆலைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சயாமாவுக்குத் தெரியுமா?" என்றாள், திரும்பாமலேயே.

"வண்டியிலதான் சொன்னாரு."

"எல்லார்கிட்டயும் சொன்னேன். வாத்தியாரு, வாத்தியாருன்னு. ஆறு வாரமா."

நான் மேலே பார்த்தேன். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. யாரும் பக்கத்தில் போகவில்லை. மா ஏ விட்டுப்போன டியூப்பை எடுத்து, நீவி, மடித்து, பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்து, எதையோ கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அந்த நீலச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மகள் போட்டுக்கொள்ளச் சொன்ன சட்டை அல்லவா?

ஜமீலாவும் திரும்பி அதைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து தன் இரண்டு மூங்கில் கட்டைகளையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். உமி சரியச் சரிய, இரண்டடி ஏறினால் ஓரடி இறங்கும் அந்தச் சரிவில் அவள் பின்னாலேயே நானும் ஏறினேன்.

அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"கடோ, அத்தா" என்றாள். காலை நீட்டி அவர் தொடைமேல் வைத்தாள்.

அவர் கைகள் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு வீண் அசைவு கிடையாது. குதிகாலைச் சுற்றி ஒன்று, கணுக்காலுக்குக் குறுக்கே ஒன்று, முடிச்சு பக்கவாட்டில். பிறகு, உமிச் சுணைக்காக அவள் போட்டிருந்த கான்வாஸ் ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"விரல அசைச்சுப் பாரு."

"அசையுது."

"வலிக்குதா?"

"இல்ல, அத்தா."

ஜமீலா எழுந்தாள். முழங்காலை மடக்கினாள். உச்சியிலிருந்து அடிவரை, உமி இரண்டு பக்கமும் பறக்க, இரண்டு கட்டைகளும் காலிலேயே இருக்க, தோ மியாவின் முன்னால் வந்து நின்றாள். ஆறு வாரத்தில் முதல் தடவை. தோ மியா கைதட்டியதில் வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு உச்சியில் வரிசை நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் அவர் முன்னால் உட்கார்ந்து, "கடோ, ஊலே" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டியது. ஊலே என்றால் மாமா. பன்னிரண்டு கடோ. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்க ஒரு நாளைக்கு எத்தனையோ காலு, டீச்சரம்மா. ஒரு ஆளும் என் மூஞ்சியப் பாத்ததில்ல" என்றார் என்னிடம்.

மதியத்துக்குள் மகள் அவரைப் பெஞ்சுப் பலகையில் உட்காரவைத்துத் தள்ளிவிட்டாள். மனிதர் "அல்லாவே!" என்று கத்திக்கொண்டே இறங்கி, வாயெல்லாம் உமியோடு எழுந்தார். நானும் ஒருமுறை இறங்கினேன். என் இடுப்பின் நலம் கருதி அதை விவரிக்கப் போவதில்லை.

விமான நிலையத்தில்

விடுப்பு முடிந்து அவர் திரும்பிய அன்று கழகத்தில் பாதிப் பேர் விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு மாதமாக எங்களைப்போலச் செருப்பில் திரிந்தவர், அன்று குளிர் ஊருக்கான தடித்த ஷூவைப் போட்டிருந்தார். இரண்டு கையிலும் மூட்டை. ஜமீலாவின் அம்மா கட்டிக்கொடுத்த பலகாரமும் உலர்ந்த இறாலும்.

உள்ளே போகக் கூப்பிட்டார்கள். அப்போது ஜமீலா, "அத்தா, நில்லுங்க" என்றாள். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் தரையில் மண்டியிட்டாள். அவர் ஷூ கயிறு ஒன்று அவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி, இறுக்கி, முடிச்சைப் பக்கவாட்டில் போட்டாள். கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்தாள்.

"விரல அசைச்சுப் பாருங்கத்தா."

மூட்டைகளோடு நின்ற மனிதர் கீழே பார்த்தார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

"அசையுதும்மா" என்றார்.